கொம்பி வானுக்கு இரண்டாவது பற்றரி

திறப்பைத் திருப்பினால் எஞ்சின் உறும வேண்டும். அன்று காலை "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பெரியப்பா மறுபடி திருப்பினார். மறுபடியும் "டிக்". மூன்றாம் தரம் அதுவும் இல்லை. முன்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு லைற் மெல்ல மெல்ல மங்கி, எங்களிடம் விடைபெற்றுக்கொண்டது.

இது நடந்தது 2023 யூலையில், வில்சன்ஸ் புறொமொன்ரறி தேசியப் பூங்காவில். மெல்பேர்னிலிருந்து தென்கிழக்கே 200 கிலோமீற்றருக்கு மேல். அங்கே கடற்கரையோடு ஒட்டி ரைடல் ரிவர் என்ற முகாம் திடல் இருக்கிறது. இங்கே யூலை என்றால் நடுக்குளிர்காலம். எங்கள் வானுக்குப் பின்னால் புல் மேய்ந்துகொண்டிருந்த வொம்பற் ஒன்று, "இவையள் இண்டைக்கும் இஞ்சைதான் போல" என்று நினைத்த மாதிரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயத் தொடங்கியது.

அந்தக் காலையில் தொடங்கிய கதைதான் இது. ஒரு பழைய வானுக்கு இரண்டாவது பற்றரி பூட்டிய கதை. நான் படிப்பது வணிகவியல். மின்சாரத்தைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு பில் வரும் என்பது மட்டுமே (அதையும் கட்டுவது அப்பா). ஆகவே பெரிய பொறியியல் விளக்கங்களை எதிர்பார்த்து வாசிக்க வேண்டாம். விட்ட பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வானைப் பற்றிக் கொஞ்சம்.

அது 1975ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி. ஜேர்மனியில் 1950இல் உற்பத்தி தொடங்கிய வகை. 1967இல் வந்த இரண்டாம் தலைமுறை. முன்கண்ணாடி நடுவில் பிரியாமல் ஒரே துண்டாக வளைந்திருக்கும். அவுஸ்திரேலியாவில் இந்த வான்களைப் பொருத்திய தொழிற்சாலை மெல்பேர்னின் கிளேற்றன் பகுதியில் இருந்தது. 1976இல் அந்தத் தொழிற்சாலை நிசானிடம் போனது. 1992இல் நிசானும் இந்த நாட்டில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கிளேற்றன் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பல்கலைக்கழகமும் பெரிய ஆஸ்பத்திரியும் சாப்பாட்டுக் கடைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே ஒரு காலத்தில் வான்கள் பிறந்தன என்பது பெரியப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பெரியப்பா இதை 2004இல் வாங்கினார். உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அலுமாரி, ஒரு மேசை. கூரையைத் தூக்கிவிட்டால் மேலே இன்னொருவர் படுக்கலாம். அந்த இடம் சிறுவயதிலிருந்தே என்னுடையது. எஞ்சின் பின்பக்கம். அதைக் குளிரவைப்பது தண்ணீர் அல்ல, காற்று. பற்றரியும் பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் வலப்புற மூலையில் குந்திக்கொண்டிருக்கும்.

இனி அந்தக் காலை. பற்றரி ஏன் படுத்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கு 2021இல் ஒரு வருத்தம் கண்டுபிடித்தார்கள். நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும். இரவு முழுக்க உடம்பு திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்புவதால் பகலில் தூங்கி வழிவார். அதற்குச் சீபாப் என்று ஒரு மெஷின். மூக்கில் மூடியை மாட்டிக்கொண்டால் அது காற்றை மெல்லிய அழுத்தத்தில் தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். மெஷின் வந்த பிறகு வீட்டில் அவர் வேறு மனிதர். பின்னேரம் கதிரையில் இருந்தபடியே தலை தொங்குவது நின்றுபோனது.

முகாமில் மின் இணைப்புள்ள இடங்கள் மிகச் சில. அவை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே முதல் இரவு மெஷினை வானின் பற்றரியிலேயே போட்டோம். காலையில் நான் மேலே சொன்ன "டிக்".

கொம்பியைத் தள்ளியும் ஸ்ராட் செய்யலாம். ஆனால் ஈரப் புல்லில், 66 வயதுப் பெரியப்பா உள்ளே, நானும் பெரியம்மாவும் பின்னால் என்று தள்ளிப் பார்த்ததில் வான் அரை மீற்றர் நகர்ந்தது. பெரியம்மாவின் செருப்பு அறுந்தது. கடைசியில் பக்கத்துக் கூடாரக்காரர் தன்னுடைய பெரிய ஜீப்பைக் கொண்டுவந்து வயர் கொழுவி எடுத்துத் தந்தார். அன்று பகல் பற்றரி ஏறட்டும் என்று பூங்காவின் வீதியில் கொஞ்ச நேரம் ஓடித் திரிந்தோம்.

இரண்டாம் இரவு. நான் மேலே படுத்திருக்கிறேன். கீழே அந்த மெஷினின் மெல்லிய இரைச்சல் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் குறட்டை. பிறகு குறட்டை சட்டென்று நிற்கும். நான் மனதுக்குள் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று... இருபதைத் தாண்டும்போது ஒரு பெரிய மூச்சோடு அவர் திடுக்கிடுவார். திரும்பவும் குறட்டை. திரும்பவும் அமைதி. திரும்பவும் நான் எண்ணுவேன்.

அவர் மெஷினைப் போடாமல் படுத்துவிட்டார். காலையில் வான் ஸ்ராட் ஆகவேண்டும் என்பதற்காக.

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நான் இறங்கிப் போய் "மெஷினைப் போடுங்கோ பெரியப்பா, நாளைக்கு நடக்கிறதைப் பார்ப்பம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை எனக்கு ஓர் ஒப்படை கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கும் காலையில் வான் ஸ்ராட் ஆகவேண்டும். எண்ணிக்கொண்டே எப்போதோ நித்திரையாகிப் போனேன்.

காலையில் வான் முதல் தரத்திலேயே எழும்பியது. பெரியப்பா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

மீனியன் என்ற சின்ன ஊரைத் தாண்டிய பிறகு வான் மெல்ல இடப்பக்கம் சரியத் தொடங்கியது. முதலில் நான் கவனிக்கவில்லை. சில்லு கிறவலில் ஏறிக் கரகரவென்ற சத்தம் வந்தபோதுதான் நிமிர்ந்தேன். பெரியம்மா "இஞ்சேருங்கோ!" என்று கத்தினா. பெரியப்பா உதறிக்கொண்டு ஸ்ரியறிங்கைத் திருப்பினார். வான் ஆடி அசைந்து வீதிக்கு வந்துவிட்டது. எதிரே வாகனம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை.

நான் ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னுடைய அனுமதிப்பத்திரம் புதுசு. ஓட்டோமற்றிக் காரில் சோதனை எடுத்தவன் என்பதால் கியர் மாற்றும் வாகனத்தைத் தொடக்கூடாது. ஆகவே லியொங்கதாவில் நிறுத்தினோம். பெரியப்பா முன்சீற்றிலேயே ஒன்றரை மணித்தியாலம் படுத்தார். நான் வெளியே நின்று வானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பற்றரி, இரண்டு வேலை. ஒன்று அவருடைய இரவு மூச்சு. மற்றது எங்களுடைய காலைப் பயணம். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி ஒரு மனிதனை விடக்கூடாது என்று அங்கேதான் முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது கணக்கு எழுதியதுதான். எங்களுக்குத் தெரிந்த தொழில் அதுதானே.

பற்றரியின் இருப்பை அம்பியர்-மணி என்ற அலகில் சொல்கிறார்கள். 1 அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1 அம்பியர்-மணி செலவு. அளந்து பார்த்தேன். சீபாப் மெஷினில் காற்றை ஈரமாக்கிச் சூடாக்கும் பகுதியும் இருக்கிறது. அதோடு சேர்த்து ஓடவிட்டால் 12 வோல்ற் பற்றரியிலிருந்து கிட்டத்தட்ட 4 அம்பியர் எடுத்தது. அந்தப் பகுதியை நிறுத்தினால் 1.5 அம்பியர். எட்டு மணித்தியால நித்திரைக்கு முதலாவது 32, இரண்டாவது 12. லைற்றுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் இன்னொரு 5 போடலாம். ஆகச் சூட்டோடு 37, சூடில்லாமல் 17.

வரவுப் பக்கம்? வானின் பற்றரியில் 50 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. ஆனால் ஆறு வயதுப் பற்றரி. அதைவிடப் பெரிய விஷயம், அது ஸ்ராட் செய்வதற்கென்றே செய்த வகை. உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியவை, நிறைய. ஒருசில செக்கன்களுக்குப் பெருமளவு மின்னோட்டத்தைக் கொட்டிவிட்டு, உடனேயே எஞ்சின் அதை நிரப்பிவிட வேண்டும். மணிக்கணக்காக மெல்ல மெல்ல உறிஞ்சி அடிமட்டம்வரை கொண்டுபோனால் அந்தத் தகடுகள் சீக்கிரம் கெட்டுவிடும். மெதுவாக உறிஞ்சும் வேலைக்குத் தடித்த தகடுகள் உள்ள பற்றரி வேறாக இருக்கிறது. அதையும்கூடப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் நீண்டநாள் உழைக்கும். போதாக்குறைக்குக் குளிர். குளிரில் பற்றரியின் வலு குறையும், எஞ்சின் ஒயில் தடிக்கும். தேவை கூடும் நேரத்திலேயே இருப்பு குறைகிறது.

கணக்கைப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவருக்குச் சந்தேகம்.

"அப்ப இருக்கிறதைக் கழட்டிப்போட்டுப் பெரிய பற்றரி ஒண்டு போட்டால் சரிதானேடா? ஏன் ரெண்டு?"

நல்ல கேள்வி. என் பாடப்புத்தகத்தில்தான் அதற்கு மறுமொழி கிடைத்தது.

கணக்கியலில் "ஒதுக்கம்" என்று ஒன்று உண்டு. ஒரு கொம்பனி இலாபத்தில் ஒரு பங்கை எடுத்துப் பொது ஒதுக்கம் என்று பெயரிட்டு ஐந்தொகையில் காட்டும். முதல் வருடத்தில் நாங்கள் எல்லோரும் விடுகிற பிழை, அந்தக் காசு எங்கேயோ ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது. இல்லை. அது வெறும் பெயர். அந்தக் காசு கட்டடமாகவோ சரக்காகவோ எப்போதோ மாறியிருக்கும். அவசரத்துக்குக் காசு கட்டாயம் வேண்டுமென்றால் பெயர் வைத்தால் போதாது; காசையே வெளியே எடுத்து, வேறு யாரும் தொடமுடியாத இடத்தில் போட்டு வைக்க வேண்டும்.

"பெரிய பற்றரி போட்டு, அதில் பாதியை மட்டும்தான் பாவிப்பம்" என்பது பெயரளவு ஒதுக்கம். இரவு மூன்று மணிக்கு மெஷினுக்கு அந்தப் பெயர் தெரியாது. அது பாட்டில் உறிஞ்சும். சரி, இரண்டு பற்றரியை வாங்கி நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டினாலும் அதே கதைதான். இரண்டும் சேர்ந்து இறங்கும். சார்ஜ் ஏறும்போது சேர்ந்தும், செலவழியும்போது பிரிந்தும் இருந்தால்தான் காரியம்.

இதைச் செய்வது ரிலே என்ற ஒரு சின்னப் பெட்டி. கையடக்கமான சாமான். உள்ளே ஒரு காந்தச் சுருளும் ஒரு சுவிச்சும். சுருளுக்கு மின்சாரம் வந்தால் சுவிச் மூடும், நின்றால் திறக்கும். அவ்வளவுதான். சுவிச்சின் ஒரு பக்கம் பழைய பற்றரி, மறுபக்கம் புதுப் பற்றரி. சுருளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கெட்டித்தனம்.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் செய்வது ஆல்ரநேற்றர். (இன்னும் பழைய கொம்பிகளில் டைனமோ.) முன்னால் டயலில் ஒரு சிவப்பு லைற் இருக்குமே, திறப்பைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத்தொடங்கியதும் அணைவது? அந்த லைற்றுக்குப் போகும் வயரை ஜேர்மன்காரர் 61ஆம் இலக்கம் என்று குறிப்பார்கள். எங்கள் வானில் அது நீலநிறம். ஆல்ரநேற்றர் உற்பத்தி செய்யும்போது மட்டும்தான் அந்த வயரில் முழு வோல்ற் இருக்கும். ரிலேயின் சுருளை அதில் கொழுவினால் போதும். எஞ்சின் ஓடும்போது இரண்டு பற்றரியும் சேர்ந்து சார்ஜ் ஆகும். நிறுத்தினால் தானாகப் பிரிந்துவிடும். திறப்பைத் திருப்பி ஸ்ராட் செய்யும் அந்தக் கணத்திலும் பிரிந்தேதான் இருக்கும். மனிதர் யாரும் ஞாபகம் வைத்துச் சுவிச் போட வேண்டியதில்லை. அரைத் தூக்கத்தில் "இன்னும் கொஞ்சம் எடுப்பமா" என்று யோசிக்கவும் இடமில்லை.

இப்போது வேறு முறைகளும் இருக்கின்றன. வோல்ற் உயர்வதைத் தானே பார்த்துச் சேர்க்கும் ரிலேக்கள், புதிய வாகனங்களுக்கும் லிதியம் பற்றரிக்கும் ஏற்ற தனிச் சார்ஜர்கள் என்று. லிதியம் எடை குறைவு என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அது கிடைக்கிற மின்னோட்டத்தை எல்லாம் நீண்ட நேரம் ஒரே மூச்சில் விழுங்கும். இடையில் சார்ஜர் இல்லாமல் கொழுவினால் பழைய ஆல்ரநேற்றர் சூடாகிக் கருகிவிடும். ஆகவே 100 அம்பியர்-மணி, மூடிய வகை ஈயப் பற்றரி. ஏஜிஎம் என்பார்கள். எடை 30 கிலோவுக்குக் கிட்ட.

அதை எங்கே வைப்பது? எஞ்சின் அறையில் இடப்புற மூலை வெறுமையாகத்தான் இருக்கிறது. பலர் இரண்டாவது பற்றரியை அங்கேதான் வைப்பார்கள். ஆனால் அது சூடான இடம். சூடு மூடிய பற்றரிக்கு ஆகாது. அதனால் ஓட்டுநர் சீற்றுக்குப் பின்னால் உள்ள அலுமாரிக்குள் பட்டியால் இறுக்கிக் கட்டினோம். தண்ணீர் ஊற்றுகிற பழைய வகைப் பற்றரி என்றால் மனிதர் படுக்கிற இடத்தில் வைக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு விடும்.

இனி என் பிழை.

பின்னாலிருந்து அலுமாரிவரை வயர் கிட்டத்தட்ட 4 மீற்றர். வயர் மெல்லியதாக இருந்தால் போகும் வழியிலேயே வோல்ற் குறைந்துவிடும் என்று வாசித்திருந்தேன். கணக்குப் பார்த்து 6 சதுர மில்லிமீற்றர் என்றாலும் பரவாயில்லை என்று நினைத்து, "6 மில்லிமீற்றர்" என்று எழுதியிருந்த வயரை 38 டொலருக்கு வாங்கி வந்தேன். பெருமையோடு நுனியைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கொஞ்சம்தான். இங்கே வாகன வயர்களில் எழுதியிருக்கும் அந்த 6 மில்லிமீற்றர், மேலே உள்ள பிளாஸ்ரிக்கையும் சேர்த்த வெளி விட்டமாம்! செம்பின் குறுக்குவெட்டு 4.6 சதுர மில்லிமீற்றர்தான்.

4 மீற்றர் தூரத்துக்கு 30 அம்பியர் ஓடினால் அந்த வயரில் ஏறத்தாழ 0.46 வோல்ற் தொலைந்துவிடும். 14 வோல்ற் புறப்பட்டு 13.5தான் போய்ச் சேரும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஈயப் பற்றரி நிரம்புவதும் நிரம்பாததும் அந்த அரை வோல்ற்றில்தான் இருக்கிறது. திரும்பப் போய் 6 பி அண்ட் எஸ் என்ற அளவு வயர் வாங்கினேன். அதில் செம்பு 13.5 சதுர மில்லிமீற்றர். இழப்பு 0.16 வோல்ற். பழைய வயர் இன்னும் கராஜில் தொங்குகிறது. கணக்குப் புத்தகத்தில் அதைக் கல்விச் செலவு என்று பதிந்திருக்கிறேன்.

அந்த மெல்லிய வயரையே பூட்டியிருந்தால் இன்னொரு ஆபத்தும் இருந்தது. நான் வாங்கியிருந்த ஃபியூஸ் 60 அம்பியர். அந்த வயர் தாங்குவது 50. ஃபியூஸ் என்பது மெஷினைக் காப்பாற்ற என்று நினைத்திருந்தேன். முதலில் அது வயரைக் காப்பாற்றத்தான். வயர் சூடாகும் முன் ஃபியூஸ் போகவேண்டும். ஃபியூஸ் வலுவானதாகவும் வயர் நோஞ்சானாகவும் இருந்தால் வயர்தான் ஃபியூஸ். கொம்பியில் எஞ்சினுக்கு முன்னால் ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப்பக்கம் பெற்றோல் தாங்கி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வயரின் இரண்டு முனையிலும், பற்றரிக்குக் கிட்ட. சாதாரண வயருக்கு ஒரு பக்கம்தான் மின்சாரம் வரும். இந்த வயருக்கு இரண்டு பக்கமும் பற்றரி. நடுவில் எங்கேயாவது உரசித் தகரத்தில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் பாயும்.

வயர் நுனிகளுக்குச் செப்புக் காது நசுக்கிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பெரியப்பா சும்மா சொன்னார்.

"தம்பி, நாங்கள் அப்பவே ஊரிலை இப்பிடி ரெண்டு வைச்சு ஓடினனாங்கள்."

"பற்றரியோ? அதுதான் தடையெண்டு சொல்லுவியளே?"

"பற்றரி இல்லையடா. பெற்றோல்."

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி எல்லாம் தடைப்பட்ட சாமான்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட காலம். பெரியப்பா அப்போது வாடகைக்குப் பழைய மொறிஸ் மைனர் கார் ஓடிக்கொண்டிருந்தார். ஓடியது மண்ணெண்ணெயில். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது.

"ஒரு சின்னப் போத்திலிலை பெற்றோல். ஸ்ராட் பண்ண மட்டும். சூடேறின உடனை மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்தப் போத்திலிலை மட்டும் கை வைக்கிறேல்லை. எவ்வளவு காசு தாறன் எண்டாலும் குடுக்கிறேல்லை. ஒருநாள் சாமம், பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு வலிப்பு. ஆசுப்பத்திரிக்குக் கொண்டோட வேணும். போத்திலிலை இருந்தது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்டைக்கு ராத்திரி நான் மெஷினைப் போடாமல் படுத்ததும் உந்தப் பழக்கத்திலைதான். நீங்கள் ரெண்டு பேரும் கூட வந்திருக்கிறியள். காலமை எழும்பாட்டில் என்ன செய்யிறது?" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நான் அன்றிரவு எண்ணிக்கொண்டு கிடந்ததை அப்போதுதான் சொன்னேன். அவர் சிரித்தார். "எத்தினை வரைக்கும் எண்ணினனி?"

இருபத்தேழு என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தச் சிவப்பு வயரை இஞ்சாலை தா" என்றார்.

எல்லாம் பூட்டி முடித்து, ஒரு வாகன மின்வேலைக்காரரிடம் காட்டினோம். அவர் ஒரு இடத்தில் வயர் தகர விளிம்பில் உரசுகிறது என்று ரப்பர் வளையம் போடச் சொன்னார். மற்றதெல்லாம் சரி. மொத்தச் செலவு 503 டொலர்: பற்றரி 280, ரிலே 45, நல்ல வயர் 70, கல்விச் செலவு 38, ஃபியூஸும் கூடும் 40, சில்லறைச் சாமான் 30. "எனக்கு ஒரு ரெண்டாவது சங்கிலிக்கு வழியில்லை, வானுக்கு ரெண்டாவது பற்றரி" என்பது பெரியம்மாவின் கணக்கறிக்கை.

2023 ஒக்ரோபரில் திரும்பவும் அதே ரைடல் ரிவர். இரண்டு இரவு. குளிர் குறைந்திருந்ததால் சூடாக்கும் பகுதியை நிறுத்திவிட்டு மெஷினை மட்டும் போடுவது என்று ஏற்பாடு. இரண்டு இரவுக்கு 34 அம்பியர்-மணி. பாதி எல்லைக்குள் வசதியாக நிற்கும்.

முதல் இரவு பெரியப்பா படுக்கமுதல் மூன்று தரம் கேட்டார். "மற்றதைத் தொடாதுதானே?" மூன்று தரமும் தொடாது என்றேன். மூன்றாம் தரம் ரிலேயைக் கையால் தொட்டுக் காட்டினேன். பிறகுதான் மூடியை மாட்டினார். மேலே படுத்துக்கொண்டு நான் அந்த மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே இறங்கிப்போய் மீற்றரை வைத்துப் பார்த்தேன். புதுப் பற்றரி 12.4 வோல்ற். பழையது 12.6, அதாவது முழுதாக, யாரும் கைவைக்காமல். உடனே பெரியப்பாவிடம் சொல்லவேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் எழும்பவில்லை. ஏழு மணி ஆனது. எட்டு ஆனது. பெரியம்மா தேத்தண்ணி வைத்து, ஆறி, திரும்பவும் சுடவைத்தா. "எழுப்பட்டோ?" என்று சைகையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினா.

எட்டேமுக்காலுக்கு எழும்பி வந்தார். முகத்தில் மூடியின் தழும்பு. கண்கள் வெள்ளையாக இருந்தன.

"என்னடா, முதலே எழுப்பியிருக்கலாமே. வெளிக்கிட வேணுமெல்லோ?"

"அவசரமில்லைப் பெரியப்பா. வான் எழும்பும்."